பி பிரிவுக்குள் புகுந்த லாரி டிரைவர்

அந்த நர்சிங் கல்லூரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கதை மேடம் என்றால்தான் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். இருபது வருஷமாகப் பாடம் எடுக்கிறாள். காய்ச்சலைப் பற்றி வகுப்பு என்றால் காய்ச்சலை விட்டுவிட்டுக் காய்ச்சல்காரரைப் பிடித்துக்கொள்வாள். அவருக்கு என்ன வேலை, வீட்டில் யார் யார், மாத்திரையை யாருக்கும் தெரியாமல் எந்த ஜன்னல் வழியாக எறிகிறார், எல்லாம் வந்துவிடும். நடுவில் எங்கேயோ பாடமும் வந்துவிடும். பிள்ளைகளுக்கு அது போதும். முதல்வருக்குத்தான் போதாது. "பாடம் நடத்தச் சொன்னா அந்தம்மா கதை விட்டுக்கிட்டு இருக்காங்க" என்று அவர் தன் அறையில் சொல்வது, சுவரைத் தாண்டி அவள் காதுக்குத் தவறாமல் வந்து சேரும்.

கேட்டுக் கேட்டு அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. நோயாளியின் கதையைக் கேஸாக வைத்துப் பாடம் நடத்தினால் பிள்ளைகள் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்து, அதைத் தடிமனான அட்டை போட்டு, முதல்வர் மேஜை மேல் பொத்தென்று வைக்க வேண்டும் என்று முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். நல்ல காரியங்களில் பாதி ரோஷத்தில் ஆரம்பிப்பவைதான், அதில் தப்பில்லை. ஆனால் நடுவில் மகளுக்குப் பிரசவம் வந்தது, மாமனார் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார், ஆறு வருஷம் எப்படியோ ஓடிவிட்டது. பல்கலைக்கழகம் ஒரு தடவை அவகாசம் கொடுத்துப் பார்த்தது. இனிமேல் கிடையாது. இந்தப் பருவத்தின் கடைசியில் குழுவின் முன்னால் நின்று முடிவைச் சொல்ல வேண்டும். அவர்கள் தலையாட்டினால் பட்டம். இல்லையென்றால் பதிவு ரத்து, ஆறு வருஷமும் அம்போ.

அவளுக்குக் கைடாக வாய்த்தவர் ஒரு பேராசிரியை. அதிகம் பேச மாட்டார். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார், அதுவே எதிரில் இருப்பவருக்கு ஒரு பக்கம் திட்டு வாங்கியதற்குச் சமம். ஆராய்ச்சியை எப்படிச் செய்வது என்பதை அவர்தான் வகுத்துக் கொடுத்தார்.

"ரெண்டாம் வருஷத்துல ரெண்டு பிரிவு இருக்குல்ல? ஏ பிரிவுக்குக் கேஸ். பி பிரிவுக்கு வெறும் பாடம். ஒரே தலைப்பு, ஒரே நேரம், கடைசியில ரெண்டு பேருக்கும் ஒரே பரீட்சை. யாரு எவ்வளவு எடுக்கறாங்கன்னு பாருங்க. அவ்வளவுதான்."

"பி-க்கும் கொஞ்சூண்டு கதை சேத்துக்கலாமா மேடம்?"

"கூடாது."

"ஒரு வரி?"

கைடு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கதை மேடம் கோப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சர்க்கரை வியாதிதான் தலைப்பு. வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கேஸ் எழுதினாள். ஐம்பது வயது லாரி டிரைவர். டாக்டர் கேட்டால் "இனிப்பா, நானா" என்பார், ஆனால் லாரி சீட்டுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். ஒரு நாள் சந்தைக்குப் போய்விட்டு வீட்டுக்குள் நுழைகிறார், மனைவி "இன்னொரு செருப்பு எங்க" என்கிறாள். குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது, எப்போது கழன்றது, ஒன்றும் தெரியவில்லை. கால் மரத்துப்போயிருக்கிறது என்பது அந்த வீட்டுக்கு அப்படித்தான் தெரியவருகிறது. இன்னொரு நாள் ஊசியைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வண்டியை எடுத்துவிடுகிறார். மத்தியானம் மனைவி போன் செய்தால் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு அம்மா வீட்டுக்குப் பெட்டி கட்டுகிறாள். திட்டியது மனுஷன் இல்லை, இறங்கிப்போன சர்க்கரை. "நோயாளி காரணமில்லாமல் கோபப்பட்டால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள், குணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அந்தப் பக்கத்தை முடித்திருந்தாள்.

அவள் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கையில் இருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்துக்கொண்டே படித்துப் பார்த்தார்.

"இந்த ஆளு என்னை மாதிரியே இருக்கானே."

"உங்களுக்குத்தான் சர்க்கரை இல்லையே."

"அப்ப எனக்கு வர்ற கோவம்?"

"அது குணம்" என்றாள்.

ஏ பிரிவில் அந்த டிரைவர் கொடிகட்டிப் பறந்தார். வகுப்புக்கு ஒரு பக்கம் என்று தாளைக் கொடுப்பாள். படித்து, பேசி, சண்டை போட்டு, "இந்த இடத்துல நர்ஸா நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க" என்று முடிப்பார்கள். மணி அடித்ததும் தாள்களை எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வாள். ஆராய்ச்சி என்றால் கறாராக இருக்க வேண்டும் அல்லவா. "இந்தப் பேப்பர் யார் கையிலயும் வெளிய போகக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. பி பிரிவுக்குக் குடுக்கவே கூடாது" என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஏ பிரிவு ஒரே குரலில் சரி என்றது. சும்மா சொல்லக் கூடாது, கடைசிவரை ஒரு தாள்கூட வெளியே போகவில்லை.

பி பிரிவில் நடந்தது பாவம். திரையில் ஒரு ஸ்லைடு, அதில் வரிசையாகப் புள்ளி வைத்த வாக்கியங்கள். "புற நரம்பு பாதிப்பு. அறிகுறி, உணர்விழப்பு. பராமரிப்பு, தினமும் பாதத்தைப் பரிசோதித்தல்." அவள் வாசிக்க வாசிக்கப் பிள்ளைகளின் கண் சொருகும். வாசிக்கிற அவளுக்கே சொருகும். நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினாள். ஒரே ஒரு தடவைதான், சாப்பாட்டுக்குப் பிறகான வகுப்பில், பாதி வகுப்பு தலையைத் தொங்கப்போட்டிருந்தபோது வாய் தவறிவிட்டது.

"இப்படித்தான் ஒரு டிரைவர் சந்தைக்குப் போயிட்டு..."

சட்டென்று நிறுத்தினாள். தொங்கிய தலைகள் எல்லாம் நிமிர்ந்தன.

"எந்த டிரைவர் மேடம்?" என்றாள் முதல் வரிசையில் இருந்த பி பிரிவு லீடர். நெடுநெடுவென்று வளர்ந்த பெண். வகுப்பில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் எழுந்து நிற்பவள் அவள்தான்.

"ஒரு டிரைவரும் இல்ல. அடுத்த ஸ்லைடு."

அதைவிடப் பெரிய விளம்பரம் வேறு வேண்டுமா? எங்கேயோ ஒரு டிரைவர் இருக்கிறார், மேடம் அவரை மறைக்கிறார் என்பது அன்றைக்கே பி பிரிவு முழுவதற்கும் தெரிந்துபோயிற்று. கதை மேடத்துக்கு மட்டும் அது தெரியவில்லை.

அவள் வேறொன்றைக் கவனித்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். போகப் போக ஏ பிரிவின் கேள்விகள் கூர்மையாகிக்கொண்டே வந்தன. "லாரியில ஃப்ரிட்ஜ் கிடையாதே மேடம், வெயில்ல இன்சுலின எப்படி வெச்சிருந்தாரு?" என்றாள் ஒருத்தி. "இன்ஜின் சூட்டுல காலு வெந்தாக்கூட அவருக்குத் தெரியாதுதான, அப்ப அவரு வண்டியே ஓட்டலாமா?" என்றாள் இன்னொருத்தி. முந்தின நாள் வாயைத் திறக்காமல் இருந்தவள், மறுநாள் காலையில் ஒரு கேள்வியோடு வந்து நிற்பாள். கேஸ் நன்றாக வேலை செய்கிறது என்று கதை மேடம் உச்சி குளிர்ந்துபோனாள்.

பரீட்சை வந்தது. இரண்டு பிரிவும் பெரிய ஹாலில் உட்கார்ந்து ஒரே கேள்வித்தாளை எழுதினார்கள். யார் எந்தப் பிரிவு என்று தெரியாமல் இருக்க, பெயருக்குப் பதிலாக எண் போட்டு, எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுத்தான் திருத்தினாள். அந்த நேர்மையில் எல்லாம் அவளைக் குறை சொல்ல முடியாது. திருத்தி முடித்து, மதிப்பெண்களைக் கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிற புள்ளி சாரிடம் கொடுத்துவிட்டு, அவர் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

புள்ளி சார் எதையும் சிரித்த முகத்தோடு சொல்கிறவர். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னார்.

"ரெண்டு பிரிவும் சராசரி ஒண்ணுதான் மேடம். அரை மார்க் வித்தியாசம்."

"அரை மார்க்தான் ஏ ஜாஸ்தியா?"

"பி ஜாஸ்தி."

கேஸ் சொன்னாலும் ஒன்றுதான், கண் சொருகப் பாடம் வாசித்தாலும் ஒன்றுதான். முதல்வர் சொன்னதுதான் சரி. இருபது வருஷமாக அவள் நடத்தியது பாடம் இல்லை, வெறும் அரட்டை. அதை அவளே ஆறு வருஷம் ஆராய்ச்சி செய்து நிரூபித்துக் கொடுத்திருக்கிறாள். யாராவது தன் செலவில் தனக்கே ஆப்பு வைத்துக்கொள்வார்களா? இவள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். கணவர் தேநீர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஃப்ரிட்ஜ் கூலிங் ஆகலைன்னு கூப்பிடுவாங்க. நானும் கேஸ் போயிடுச்சோ, கம்ப்ரசர் போயிடுச்சோன்னு எல்லாத்தையும் பிரிச்சிப் போடுவேன். கடைசியில பாத்தா கதவு சரியா மூடாம இருக்கும். நீ அந்தப் பேப்பரையெல்லாம் இன்னொரு தடவை பாரேன்."

"எல்லாம் ஒழுங்காத்தான் திருத்தினேன்."

"திருத்தறதுக்காகப் பாக்காத. சும்மா படி."

அவள் படித்தாள். பி பிரிவின் விடைத்தாள்களை மட்டும் தனியாக எடுத்து, சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, கதைப் புத்தகம் படிக்கிற மாதிரி படித்தாள். திருத்தும்போது கண் விடையைத் தேடும், மற்றதெல்லாம் கண்ணில் படாது. இப்போது பட்டது.

ஒரு தாளில், உணர்விழப்புக்கு உதாரணம் என்று, "செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நோயாளி வீடுவரை நடந்து வருவார்" என்று இருந்தது. அவள் ஸ்லைடில் செருப்பு என்ற சொல்லே கிடையாது. அடுத்த தாளில், "நோயாளியின் படுக்கையை மட்டுமல்ல, அவர் வண்டி சீட்டுக்கு அடியிலும் பார்க்க வேண்டும்" என்று இருந்தது. இன்னொன்றில், "காரணமில்லாமல் மனைவியைத் திட்டினால் முதலில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும், குணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." அவள் எழுதிய வாக்கியம், ஏறக்குறைய அப்படியே. ஒரு தாளில் டிரைவர் கண்டக்டராகியிருந்தார். இன்னொன்றில் அவர் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார், ஆனால் பிஸ்கட் டப்பா அங்கேயும் சீட்டுக்கு அடியில்தான் இருந்தது. கதை மேடத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முதலில் சிரித்தாள்.

மறுநாள் காலையில் பி பிரிவுக்குள் போனாள். ஸ்லைடு போடவில்லை. மேஜை மேல் விடைத்தாள் கட்டை வைத்தாள்.

"டிரைவர் எப்படி உங்க கிளாஸுக்கு வந்தாரு?"

எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். கடைசியில் லீடர்தான் எழுந்தாள்.

"ஹாஸ்டல்ல மேடம். சாயந்திரம் துணி காயப்போடற எடத்துல. ஏ பிரிவுல இருந்து தினம் ஒருத்தி வந்து அன்னிக்கு நடந்ததச் சொல்லுவா."

"பேப்பரை வெளிய குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே."

"பேப்பரை யாரும் தொடவே இல்ல மேடம். வாயாலதான் சொன்னாங்க."

தாளை எண்ணி எண்ணி வாங்கினாளே தவிர, கதை என்பது வாய் வழியாகப் போகிற சாமான் என்பது அவள் மண்டையில் உறைக்கவில்லை. இத்தனைக்கும் இருபது வருஷமாக வாயாலேயே கதை சொல்லிப் பிழைப்பவள். அந்த ஊரில் வேறு யார் மறந்திருந்தாலும் மன்னிக்கலாம்.

"நாங்களும் சும்மா கேக்கல மேடம்" என்றாள் லீடர். "இடையில இடையில நிறுத்தி, இது எப்படி, அது எப்படின்னு கேப்போம். அவளுங்களுக்குத் தெரியாது. நாளைக்கு மேடத்துகிட்டக் கேட்டுட்டு வந்து சொல்றோம்னுடுவாளுங்க."

லாரியில் ஃப்ரிட்ஜ் இல்லையே என்ற கேள்வி எங்கேயிருந்து வந்தது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. இரண்டு மாதமாக ஏ பிரிவின் வாயால் கேட்டுக்கொண்டிருந்தது பி பிரிவு.

"எதுக்கும்மா இவ்வளவு மெனக்கெட்டீங்க?"

"இது உங்க படிப்புக்கான பரீட்சைன்னு சொன்னீங்கள்ல மேடம். நாங்க மோசமா எழுதினா நீங்க ஒழுங்கா நடத்தலன்னு ஆயிடும். உங்க பேரக் கெடுக்கக் கூடாதுன்னுதான் எல்லாரும் விழுந்து விழுந்து படிச்சோம்."

கதை மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"நீங்க ஏ பிரிவைவிடக் கம்மியா எடுத்தாத்தாம்மா எனக்குப் பட்டம் கெடைக்கும்."

வகுப்பு திகைத்துப்போய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. லீடருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாங்க சரியா கத்துக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லையே மேடம்."

அவள் குற்றம் சாட்டவில்லை, மன்னிப்புத்தான் கேட்டாள். ஆனாலும் கதை மேடத்துக்குச் சுருக்கென்றது. வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றாள்.

புள்ளி சாருக்கு இதைச் சொன்னதும் அவர் துள்ளிக் குதிக்காத குறை.

"இதுக்கா மேடம் இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க? டிரைவர் வாடை அடிக்கிற பேப்பரையெல்லாம் பி பிரிவுல இருந்து கழிச்சிடுவோம். அதுக்கெல்லாம் எடமிருக்கு. கலப்பு ஆயிடுச்சு, அதனால விலக்கிட்டோம்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சது."

அவர் கழித்தே காட்டினார். திரையில் வந்த வரைபடத்தில் ஏ பிரிவின் கம்பம் உயர்ந்து நின்றது, பி பிரிவின் கம்பம் பாதியாகக் குறைந்து சுருங்கிக் கிடந்தது. ஆறு வருஷமாக அவள் மனசுக்குள் பார்த்துவைத்திருந்த படம் அதுதான். கண் குளிரப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் அது பொய். அதை அச்சடித்து அட்டை போட்டு முதல்வர் மேஜை மேல் வைக்கிற சத்தம்கூட அவளுக்குக் கேட்டது.

"மிச்சம் இருக்கற பேப்பர்லாம் யாரோடதுன்னு எண்ணை வெச்சுப் பாருங்க சார்" என்றாள்.

பார்த்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் வீட்டிலிருந்து வந்து போகிற பிள்ளைகள். மணி அடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள். துணி காயப்போடும் இடத்துக்கு அவர்கள் வந்ததே இல்லை, அவர்களுக்கு யாரும் டிரைவரைப் பற்றிச் சொல்லவும் இல்லை. அவள் அந்தத் தாள்களை எடுத்துப் படித்தாள். "பாதத்தைப் பராமரிப்பது மிக முக்கியமானது" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒருத்தி இன்சுலின் ஊசி போட வேண்டும் என்று எழுதியிருந்தாள். அது இறங்கிய சர்க்கரையை இன்னும் இறக்கிவிடும், வார்டில் அப்படிப் போட்டால் ஆள் காலி.

அந்தக் கம்பம் எதனால் குட்டையாக இருக்கிறது என்று கதை மேடத்துக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் தெரியாமல் போனதுதான் காரணம். அதைப் பார்த்துத்தான் அவள் கண் குளிர்ந்திருக்கிறது. தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், பஸ்ஸுக்கு ஓடும் அந்தப் பிள்ளைகள் எல்லோரையும் செய்முறை அறைக்கு வரச்சொன்னாள். டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். டிரைவர் கதையைச் சந்தையில் தொடங்கி, ஒரு பக்கம் விடாமல் சொன்னாள். பொம்மை நோயாளியின் காலைத் தூக்கிக்காட்டிச் சொன்னாள். இன்சுலின் என்று எழுதியவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அய்யோ, நான் தப்பா எழுதிட்டேன் மேடம்" என்றாள். "இங்கதானே எழுதின, பரவால்ல. வார்டுல எழுதிடாத" என்றாள் கதை மேடம்.

விஷயம் கேள்விப்பட்டுப் புள்ளி சார் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவங்களுக்கும் சொல்லிட்டீங்களா? இருந்தது அந்தக் கொஞ்சம் பேர்தான் மேடம். அவங்களை வெச்சாவது மறுபடியும் ஒரு பரீட்சை வெச்சிருக்கலாம்."

"தெரியாத பிள்ளைங்களாவே வெச்சிருக்கணுமா சார், என் பட்டத்துக்காக?"

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "சரி, கழிக்காத படத்தையே நான் அழகா போட்டுத் தரேன்" என்றார்.

குழுவின் முன்னால் நிற்கிற நாள் வந்தது. நீள மேஜைக்குப் பின்னால் கைடு, பக்கத்தில் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு தேர்வாளர், கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு முதல்வர். கதை மேடம் ஒன்றையும் பூசி மெழுகவில்லை. ஒரே உயரத்தில் நின்ற இரண்டு கம்பங்களையும் காட்டினாள். டிரைவர் எப்படிப் பி பிரிவுக்குள் போனார் என்று சொன்னாள். விமானம் ஓட்டியதையும் சொன்னாள். தேர்வாளர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். குடித்து முடித்ததும் அவர் முகம் கறாராகிவிட்டது.

"அப்ப ஆராய்ச்சி கெட்டுப்போச்சு. ஏ பிரிவையும் பி பிரிவையும் ஒப்பிடவே முடியாது. அப்படித்தானே?"

"ஆமா சார்."

"கலந்துபோன பேப்பரை எடுத்துட்டுக் கணக்குப் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். வித்தியாசம் வந்தது. ஆனா மிச்சம் இருந்தவங்க யார்கிட்டயும் பேச நேரமில்லாம பஸ்ஸுக்கு ஓடின பிள்ளைங்க. அவங்களுக்குக் கேஸும் இல்ல, சொல்லிக்குடுக்கத் தோழியும் இல்ல. அவங்களைக் காட்டி என் முறைதான் ஒசத்தின்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"கேஸ் முறை நல்லதுன்னு உங்களால நிரூபிக்க முடியல. அப்ப எதைத்தான் முடிவுன்னு சொல்றீங்க?"

எழுதிவைத்திருந்த முடிவுரை அவள் கையில் இருந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

"நான் ஒரு வகுப்பு கத்துக்கணும், இன்னொரு வகுப்பு கத்துக்கக் கூடாதுன்னு பிரிச்சு வெச்சேன் சார். என் பிள்ளைங்க அதுக்கு ஒத்துக்கல. தெரிஞ்சவ தெரியாதவளுக்குச் சொன்னா. தெரியாதவ கேட்ட கேள்வியில தெரிஞ்சவளும் இன்னும் நல்லா கத்துக்கிட்டா. எனக்கு முடிவுன்னு தெரிஞ்சது அவ்வளவுதான்."

கைடு கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"பி பிரிவுக்கு நீங்க போட்ட ஸ்லைடை ஏ பிரிவுல யாராவது கேட்டாங்களா?"

"இல்ல மேடம். பி பிரிவுலயே யாரும் கேக்கல."

முதலில் சிரித்தது முதல்வர். சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. தேர்வாளரும் சிரித்தார். ஆனால் சிரிப்பெல்லாம் பட்டம் ஆகிவிடுமா? கதவை மூடிக்கொண்டு அரை மணி நேரம் பேசினார்கள். கதை மேடம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

கைடுதான் வந்து கூப்பிட்டார்.

"இப்ப இருக்கறத வெச்சுப் பட்டம் குடுக்க முடியாது" என்றார். "ஆனா பதிவை ரத்து பண்ணவும் வேண்டாம்னு தேர்வாளரே எழுதிக் குடுத்திருக்கார். முறை தப்பி வந்த கண்டுபிடிப்புன்னாலும் தொடர்ந்து பாக்க வேண்டியதுன்னு. விசேஷ அனுமதி, இன்னும் ஒரு வருஷம். கேஸா பாடமான்னு பாக்காதீங்க. பிள்ளைங்க ஒருத்தருக்கொருத்தர் எப்படிச் சொல்லிக்கறாங்க, அதுல என்ன கத்துக்கறாங்கன்னு பாருங்க. நான் குடுத்த திட்டத்தைவிட இது நல்ல கேள்வி."

கைடு ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

தாழ்வாரத்தின் கோடியில் பி பிரிவு முழுக்க நின்றுகொண்டிருந்தது. யார் அனுமதி கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைகளும் அன்றைக்கு ஓடாமல் நின்றிருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் லீடர் முன்னால் வந்தாள்.

"பட்டம் குடுத்துட்டாங்களா மேடம்?"

"இல்லம்மா. இன்னும் ஒரு வருஷம் பண்ணச் சொல்லிட்டாங்க."

அத்தனை முகமும் வாடிவிட்டது. லீடர் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"எங்களாலயா மேடம்?"

பட்டம் கையை விட்டுப் போனதும் இவர்களால்தான், ரத்தாகாமல் தப்பியதும் இவர்களால்தான். தன் வேலை அரட்டை இல்லை என்று எந்தக் கம்பமும் சொல்லாததை, எதிரில் நிற்கிற இந்தக் கூட்டம் துணி காயப்போடும் இடத்தில் சொல்லியிருக்கிறது. கதை மேடத்துக்கு மனசு நிறைந்து கண்ணிலும் வந்துவிட்டது.

"ஆமா, உங்களாலதான்" என்றாள். சொல்லிவிட்டு அந்த நெட்டைப் பெண்ணின் தோளில் கை போட்டுக்கொண்டாள். அவ்வளவு உயரத்துக்குக் கை எட்டாமல், குதிகாலை உயர்த்தித்தான் போட வேண்டியிருந்தது.